தோளில் மிஞ்சிய நான்கு விரல்கள்

எபி அப்பாவுக்கு,

பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தப் போகிறேன். வர ஐந்து மணியாகும். சொதி அடுப்பின் மேலேயே இருக்கிறது. பையச் சூடாக்குங்கள், கொதிக்கவிட்டால் தேங்காய்ப்பால் திரிந்துவிடும்.

மத்தியானம் என் தம்பி ஜெபசிங் சாப்பிட வருகிறான். நான்தான் கூப்பிட்டேன்.

சர்ச்சில் எபிக்குத் திடப்படுத்தல் ஆராதனை நடந்த அன்று எடுத்த குடும்பப் படத்தைக் கூடத்திலிருந்து நான் கழற்றவில்லை. அன்றைய விருந்தில் உங்கள் போனில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஜெபசிங் என்ன சொன்னான்? "அத்தான், எல்லாரும் மஞ்சக்காமாலை வந்த மாதிரில்லா இருக்கோம்." உண்மைதானே. கலரைக் கடைசிவரை ஏற்றினால் முகம் அப்படித்தான் ஆகும். கொஞ்சம் ஏற்றினால் போதும் என்று நானும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

அந்த ஒரு சொல்லுக்காக அவனைப் படத்திலிருந்தே அழித்து, சட்டம் போட்டு மாட்டிவிட்டீர்கள். ஆளை அழித்தவர் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. என் தோளில் அவனுடைய நான்கு விரல்கள் அப்படியே இருக்கின்றன.

அந்தப் படத்துக்கு எதிரே அவனுக்கு இலை போடுங்கள். விரல் யாருடையது என்று கேட்டால் நீங்களே பதில் சொல்லுங்கள்.

இன்பமணி

இஞ்சிப் பச்சடி பிரிட்ஜில், மேல்தட்டில்.

இன்னொன்று. அன்று போனில் டைமர் வைத்துவிட்டு ஓடிவந்து நீங்கள் ஓரத்தில்தான் நின்றீர்கள். ஓரத்தில் நிற்பவரை அழிக்கக்கூட வேண்டாம், படத்தை வெட்டினாலே போதும். நேற்று என் போனில் வெட்டிப் பார்த்தேன். படம் நன்றாகத்தான் இருந்தது. இன்னும் சேவ் செய்யவில்லை.