கிணற்றடியில் கிடந்த இரும்பு

வெள்ளைமணல், சீனக்குடா
19.04.2025, சனிக்கிழமை

அன்பு மகள் றிஷானாவுக்கு உம்மா ரபீக்கா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இதை எழுதும் இந்த நேரம் வரைக்கும் நாங்கள் எல்லாரும் சுகம், அடுத்த நேரம் அவனுக்குத்தான் தெரியும். நீங்களும் மருமகனும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். ஃபோன் இருக்கும்போது என்னத்துக்குக் கடிதம் என்று யோசிப்பீர்கள். பக்கத்து வீட்டு நஸ்ரி நாளைக்குக் கட்டாருக்கு வருகிறார், அவர் கையில் கொடுத்து விடத்தான் எழுதுகிறேன். ஃபோனில் இதைக் கதைக்க எனக்குப் பயம். நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் சமைப்பீர்கள், உங்கள் அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. இங்கேயும் யார் காது எந்தப் பக்கம் என்று தெரியாது. நீங்கள் பயப்படக் கூடாது என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன்.

முதலில் பிள்ளையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் மற்றதை வாசிக்க மாட்டீர்கள். உங்கள் மகள் ஜுமானா நல்ல சுகம், இருமல் விட்டுவிட்டது, சோறும் தின்கிறாள். ஆனால் மூன்று நாளாக அவள் என்னிடம் இல்லை, கிண்ணியாவில் உம்மு குல்சும் சாச்சி வீட்டில் இருக்கிறாள். வியாழக்கிழமை வீடியோவில் பிள்ளைக்குப் பின்னால் நீலச் சுவர் தெரிகிறதே என்று கேட்டீர்கள், லீவுக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னேன். அது பொய். பிள்ளையை இந்த வளவுக்குள் வைத்திருக்க ஏலாமல்தான் அனுப்பினேன். தங்கச்சிக்கும் காரணம் சொல்லவில்லை, கிணற்றடி வேலை நடக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

நடந்தது இதுதான். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு நீங்கள் வருவீர்கள், அதற்கு முன் கிணற்றைச் சுற்றிச் சீமெந்து போட்டு வழுக்காமல் ஆக்க வேண்டும் என்று உங்கள் தம்பி றிகாஸை நான்தான் நெருக்கிக்கொண்டிருந்தேன். புதன்கிழமை காலையில் அவன் வேலையைத் தொடங்கினான். உடுப்புத் தோய்க்கிற கல் குறுக்கே கிடந்தது. கல் என்று சொல்கிறோமே தவிர உள்ளுக்குள் இரும்பு என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்தானே. என் வாப்பா எனக்குக் கலியாணம் பேசி இந்த வீட்டைக் கட்டும்போது, பற்றை வெட்டிய இடத்தில் அது கிடந்ததாம், இரண்டு பேரைப் பிடித்து உருட்டிக்கொண்டு வந்து கிணற்றடியில் கிடத்தி மேலே சீமெந்து பூசிவிட்டார். துறைமுகத்துப் பக்கத்து ஆட்கள் இரும்பைக் கண்டு என்றைக்கு யோசித்தார்கள். நேவிக்காரன் போட்டுவிட்டுப் போனது ஏதாவது ஒன்று எந்த வளவிலும் கிடக்கும், கப்பல் சங்கிலியில் மாடு கட்டுவார்கள், வெடித்து முடிந்த பித்தளைக் கோதில் பூக்கன்று வைப்பார்கள். இதுவும் கப்பலில் கழன்ற ஏதோ சாமான் என்றுதான் முப்பத்தாறு வருஷமாக அதன் மேல் உடுப்பு அடித்தேன். சீதனத்தில் வந்த ஒரே கனமான சாமான் இதுதான் என்று உங்கள் வாப்பா என்னைச் சீண்டுவாரே, அதே கல்தான்.

றிகாஸ் அலவாங்கால் நெம்பிப் பார்த்தான், அசையவில்லை. பிறகு சம்மட்டியை எடுத்து அடித்தான். நான் குசினி வாசலில் நின்று இன்னும் கொஞ்சம் பலமாக அடி மகன் என்று சொன்னேன். ஓம், நான்தான் சொன்னேன், அந்தச் சொல் இப்போது என்னைச் சாப்பிடவும் விடுவதில்லை. ஜுமானா வாளியோடு பக்கத்தில்தான் நின்றாள். மூன்றாவது அடியில் சீமெந்து பாளமாகக் கழன்று விழுந்தது. உருண்டையான நீள இரும்பு, ஜுமானாவின் உயரம் இருக்கும், வால் பக்கத்தில் தகடு உடைந்த அடையாளம். தலைப் பக்கத்தில் சீமெந்துக்கு வெளியே ஒரு பித்தளைக் குமிழ் நீட்டிக்கொண்டிருக்குமே, சவர்க்காரப் பையை அதில்தானே கொழுவுவேன். போன நோன்புப் பெருநாளைக்குக்கூடப் புளியும் சாம்பலும் போட்டு அதை மினுக்கி வைத்தேன், பிள்ளை அதில் தன் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். றிகாஸ் படம் எடுத்துத் தன் கூட்டாளி சுகிர்தனுக்கு அனுப்பினான். கிளிவெட்டிப் பொடியன், நீங்கள் கண்டதில்லை, கண்ணிவெடி எடுக்கிற வேலையில் ஆறு வருஷம் இருந்தவர். படம் போய் ஒரு நிமிஷம் இருக்காது, ஃபோன் வந்தது, முதலில எல்லாரும் வெளியில போங்க, பிறகு கதைப்பம் என்றார்.

அவரே பஸ் ஏறி வந்தார். தென்னை மரத்தடியில் நின்று எட்டத்திலிருந்து பார்த்தார், கிட்டப் போகவில்லை. இது மேலேயிருந்து போட்ட குண்டு அன்ரி, யப்பான்காரன் காலத்துச் சாமான், நீங்க சவர்க்காரம் கொழுவுற அந்தப் பித்தளைதான் அடிச்சு வெடிக்க வைக்கிற இடம் என்றார். செத்துப் போயும் இருக்கலாம், உயிரோடும் இருக்கலாம், இரும்புதான் கறள் பிடிக்கும், உள்ளுக்க இருக்கிற வெடிமருந்துக்கு வயசு போகாது என்றார். ஒருத்தரும் அதை உருட்டவே கூடாது, பொலிசுக்குச் சொன்னால் கோர்ட்டில் அனுமதி எடுத்துத் தெரிந்த ஆட்களைக் கொண்டு வந்து அகற்றுவார்கள், அதில் பயப்பட ஒன்றும் இல்லை என்றும் சொன்னார். தானே எங்களோடு வருகிறேன் என்றார். உங்கள் வாப்பா அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்து, மகன் நீங்க இங்க வந்ததையே ஒருத்தருக்கும் சொல்லாதீங்க என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

சுகிர்தன் அதற்குச் சொன்ன பேரை மேலே ஒரு தரம் எழுதிவிட்டேன், அந்தச் சொல்லை இனி எழுத மாட்டேன். மகள், அது வெடிக்கும் என்ற பயம் ஒரு பங்கு என்றால் அதைச் சொல்லப் போகிற பயம் மூன்று பங்கு. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் அன்று நம்முடைய பேர் வைத்த சிலர் தேவாலயங்களில் வெடித்து அந்த அநியாயத்தைச் செய்த பிறகு நாங்கள் இருந்த இருப்பு உங்களுக்குத் தெரியும். மார்க்கப் புத்தகத்தை எங்கே வைப்பது, மீன் வெட்டுகிற பெரிய கத்தியை எங்கே ஒளிப்பது என்று நின்றோம். தேடுதலுக்கு வந்த ஆமிக்காரர் அலுமாரியைக் கிளறி அரிசிப் பானைக்குள்ளும் கை விட்டுப் பார்த்தார்கள். அதில் ஒருவர், உங்கள் வயதுதான் இருக்கும், கிணற்றடியில் தண்ணீர் கேட்டார், அள்ளிக் கொடுத்தேன், அந்தக் கல்லின் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு குடித்துவிட்டுப் போனார். அன்றைக்கு அதை அவர் கண்டுபிடித்திருந்தால் உங்கள் தம்பி இன்றைக்கு எங்கே இருப்பான் என்று நினைத்துப் பார்க்கிறேன், நினைப்பு முடிவதில்லை. நாளைக்கு ஈஸ்டர், நாளை மறுநாள் அதே ஏப்ரல் 21. சந்திக்குச் சந்தி ஆட்களை நிறுத்திச் சோதிக்கிறார்கள். இந்தக் கிழமை போய் சோனகன் வாயால அந்தச் சொல்லைச் சொல்ல ஏலாது, கேக்கிறவன் வருஷம் கேக்க மாட்டான், வீட்டில இளந்தாரி ஆரு என்டுதான் கேப்பான், இது உங்கள் வாப்பா சொல்வது. அதில் பிழை இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

றிகாஸ் ஃபோனில் தேடித் தேடி வாசித்தான், இது பழையது என்று காட்ட ஏதாவது கையில் வேண்டுமாம். 1942 ஏப்ரல் 9, வியாழக்கிழமை, காலை ஏழு மணி கழிந்து யப்பான் விமானங்கள் வந்து துறைமுகத்தையும் நம்முடைய சீனக்குடாவையும் அடித்திருக்கின்றன. ஒரு விமானம் எண்ணெய்த் தாங்கியில் விழுந்து நாள்கணக்கில் எரிந்ததாம். அதே காலையில் மட்டக்களப்புக் கடலில் பெரிய கப்பல் ஒன்றைத் தாட்டார்களாம். பிறகு அதே திகதியில் நடந்த மற்றதையும் வாசித்தான், 2003 ஏப்ரல் 9 பக்தாத் விழுந்தது, 2022 ஏப்ரல் 9 கொழும்புக் காலிமுகத்திடலில் ஜனாதிபதிக்கு எதிராகச் சனம் கூடியது. அந்தக் கூட்டத்துக்கு இவனும் போனவன்தானே, கையை உயர்த்திக்கொண்டு நிற்கிற படம் இன்னும் ஃபோனில் கிடக்கிறது, உம்மா எங்கட வீட்டுக்கு ஒன்பதாம் திகதி சரிவராது என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, படத்தை அழி என்று ஏசினேன். நாள் பார்ப்பது நமக்குக் கூடாது, தெரியும், ஆனாலும் பள்ளிவாசல் கலண்டரைச் சுவரிலிருந்து கழற்றி வைத்துவிட்டேன். யப்பான்காரன் அடித்த அந்த வியாழக்கிழமை என் வாப்பாவுக்கு ஐந்து வயது, யாரோ தோளில் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடியதாகச் சொல்லுவார், சத்தம் மட்டும் நினைவிருக்கிறது என்பார். அன்றைக்கு எதற்குப் பயந்து ஓடினாரோ அதையே உருட்டிக்கொண்டு வந்து தன் மகளின் கிணற்றடியில் வைத்துக் கொடுத்திருக்கிறார். கப்றில் இருக்கும் மனுசன் இதை அறியாமல் போனதே நல்லது.

இனிச் சொல்வது உங்களைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. உங்கள் வாப்பாவும் றிகாஸும் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள், நாளைக்கு சுபஹ் தொழுதுவிட்டு அதைத் தோணியில் ஏற்றி வெளிக் கடலில் தள்ளிவிடப் போகிறார்கள். சாக்கும் கயிறும் ஆயத்தம். உருட்டவே கூடாது என்று சுகிர்தன் சொன்னதைச் சொன்னேன். மாமா உருட்டித்தானே கொண்டு வந்தார், அப்ப வெடிக்காதது இப்பவா வெடிக்கப் போகுது என்கிறார் உங்கள் வாப்பா. என் புருஷனும் மகனும் அதைக் கட்டிப்பிடித்துத் தூக்குவதை நான் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டேன். அதனால் இன்றைக்கு மத்தியானம் ளுஹர் தொழுதுவிட்டு நான் பொலிசுக்குப் போகிறேன். ஜுமானாவைப் பார்க்கக் கிண்ணியாவுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன், றிகாஸை நேற்றே சாச்சி வீட்டுக் கூரை வேலைக்கு அனுப்பிவிட்டேன், இரவுக்குத்தான் வருவான். சுகிர்தனையும் கூப்பிடவில்லை, அவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளை. வீட்டு உறுதிப் பத்திரத்தையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு தனியாகத்தான் போகிறேன். நம்முடைய பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு என்பது எவ்வளவு நல்ல வழக்கம் என்று இன்றைக்குத்தான் விளங்குகிறது. காணி என்னுடையது, கிணறு என்னுடையது, கல்லில் தோய்த்தது நான், வைத்தது என் வாப்பா. இந்த வீட்டு ஆண்களுக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எழுத்தில் இருக்கிறது. அவர்கள் யாரையாவது இருத்தி வைத்துக் கேட்க வேண்டுமென்றால் என்னைக் கேட்கட்டும்.

உறுதியை உங்கள் பேருக்கு எப்போது மாற்றுவீர்கள் என்று உங்கள் மாமி ஆதிலா இரண்டு தரம் கேட்டு அனுப்பினா. போன மாதம் நீங்களும் கேட்டீர்கள், குரலில் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தது. பெருநாளைக்கு வரும்போது எழுதுவோம் என்றேன். இப்போது சொல்கிறேன், பெருநாள் வந்தாலும் எழுத மாட்டேன். மாமி என்ன கதைத்தாலும் காதில் போடாதீர்கள், உம்மா வீட்டைப் பிடித்து வைத்திருக்கிறா என்று சொன்னால் ஓம் என்று சொல்லுங்கள். அந்த இரும்பு இந்த வளவை விட்டுப் போகும் வரைக்கும் இது என் வீடு, போன அன்றைக்கு உங்கள் வீடு.

அல்லாஹ் உங்களுக்கும் மருமகனுக்கும் நீண்ட ஆயுளையும் நிம்மதியையும் தரட்டும், உங்கள் பிள்ளையை உங்கள் மடியில் சேர்க்கட்டும். இடுப்பு நோவுக்குக் குளிர்ந்த தண்ணீரில் நிற்காதீர்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள். இதை வாசித்ததும் எனக்கு ஃபோன் எடுங்கள். நான் எடுத்தால் எல்லாம் நல்லபடி முடிந்தது என்று விளங்கிக்கொள்ளுங்கள், வேறொன்றும் கேட்க வேண்டாம். எடுக்காவிட்டால் தம்பிக்கு எடுத்து, கிண்ணியாவுக்குப் போய்ப் பிள்ளையோடு அங்கேயே இரு என்று சொல்லுங்கள். நீங்கள் மூத்தவள், உங்கள் சொல்லைத்தான் அவன் கேட்பான். உம்மாவைத் தேடி அவன் பொலிசில் வந்து நின்றால் நான் போனதில் ஒரு பிரயோசனமும் இல்லை.

என்றும் துஆவோடு,
உங்கள் உம்மா
மு. ரபீக்கா