சந்தனப் பட்டில் துருக்கறை

ஐப்பசி, வெள்ளிக்கிழமை.

நேற்று தறியிலிருந்து சேலையை அறுத்த இரும்புக் கத்தியை என் வீட்டுக்காரர் அந்தச் சேலை மேலேயே வைத்துவிட்டார். இரவெல்லாம் மழை ஓட்டு வழியே ஒழுகியிருக்கிறது. காலையில் பார்த்தால் சந்தன நிறப் பட்டில் விரல் நீளத்துக்குத் துருக்கறை. கல்யாணச் சேலை. நெய்யக் கொடுத்த முதலாளி வேண்டாமென்று திருப்பிவிட்டார்.

ஆத்திரத்தில் பாத்திரக் கடைக்குப் போய் எவர்சில்வர் கத்தி வாங்கினேன். "தண்ணியிலயே கெடந்தாலும் துரு ஏறாதுமா," என்றார் கடைக்காரர். அதன் பளபளப்பைப் பார்த்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது.

வீட்டில் சேலையை விரித்து, "இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க பாருங்க," என்று கத்தினேன். அவர் முகத்தருகே இழுத்துப் பார்த்தார். கறை நடுவில் இருந்தது. அவர் விரல் ஓரத்தைத் தடவியது.

"கறை எங்கமா இருக்குது?"

அவர் கையிலிருந்து சேலையை வாங்கினேன். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன்.

"கொஞ்ச நாளாவே மங்கலாத்தான் தெரியுது. இழை கைக்குத் தெரியுதில்ல? நெய்ஞ்சிக்கினுதான இருக்கிறேன்," என்றார்.

புதுக் கத்தியைக் காட்டவேயில்லை.

நாளைக் காலையில் அடுத்த சேலைக்குத் தறியில் பாவு நூல் பிணைக்க ஆளை வரச் சொல்லியிருக்கிறார். இனி நெய்ய வேண்டாமென்று நான்தான் அவரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அவர் என்ன ஆவார்? இன்னும் சொல்லவில்லை. தூங்குகிறார்.