இரட்டை வேகத்தில் ஒரு சோகப் பாட்டு

மார்ச் 3, செவ்வாய்

கிளினிக்கில் இன்று கூட்டம் குறைவு. புண்ணை நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டிய நாய் ஒன்று, கூடைக்குள்ளிருந்து சீறிய பூனைகள் இரண்டு, இறகு பிடுங்கிக்கொள்ளும் கிளி ஒன்று. எல்லாரையும் சிரித்த முகத்தோடு உட்கார வைத்தேன். கால்நடை மருத்துவரின் வரவேற்பு மேசையில் இத்தனை வருடம் உட்கார்ந்ததில் சிரிப்பு என் முகத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. கடன்காரன் வந்து நின்றாலும் "வாங்க, உட்காருங்க" என்றுதான் வாய் போகும்.

வீட்டுக்கு வந்தால் மகள் மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டிருந்தாள். அவளும் தோழியும் சேர்ந்து கல்லூரிக்குச் செய்து கொடுத்த பாட்டு வீடியோ தேறவில்லையாம். தோழியே எழுதிப் பாடிய பாட்டு அது. ஒருத்தி காத்திருக்கிறாள், அவன் வரவில்லை. என் மகள் அதை எங்கள் மஞ்சள் சமையலறையில் பட்டப்பகல் வெளிச்சத்தில், ஒருத்தி கரண்டியோடு ஆடுவதுபோல் எடுத்தாள். பாட்டோடு சேர்த்துக் கொடுக்க வேண்டிய ஆல்பம் அட்டையிலும் அதே கரண்டி! "சோகப் பாட்டு என்கிறீர்கள், பாத்திர விளம்பரம் போல் இருக்கிறது" என்று ஆசிரியை எழுதியிருக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தப்புதான். அவள் கதவை அறைந்து சாத்திக்கொண்டாள்.

மறுபடி செய்து கொடுக்க ஒரே ஒரு வாய்ப்பு. அதிலும் தேறாவிட்டால் வருடம் போச்சு. அண்ணன் ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறார், தன் கணக்கு ஆபீஸில் இவளுக்கு ஓர் இடம் என்று. இந்த முறையும் போனால் மாமா ஆபீஸ். அதுதான் வீட்டில் பேசி முடித்தது. பேசி முடித்தது நான்தான்.

உண்மையைச் சொல்லிக்கொள்ளட்டுமா? தோற்றால் நல்லது என்றுகூட ஒரு மூலையில் இருக்கிறது. மாதச் சம்பளம், மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி. பெற்ற வயிறு அதைத்தானே கேட்கும்.

மார்ச் 5, வியாழன்

கூடத்துச் சுவர் முழுவதும் ஆல்பம் அட்டைகள். அவள் கல்லூரி மாணவர்கள் போன வருடங்களில் செய்தவை. வகை வகையாகப் பிரித்து ஒட்டியிருக்கிறாள். குத்துப்பாட்டு வரிசையில் எழுத்து ஓர் ஆள் உயரம், சாய்ந்து, தீப்பிடித்து எரிகிறது, ஆள் இருட்டிலும் கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறான். ராக் வரிசையில் நாலு பேர், நாலு பேரும் நாலு திக்கில் பார்க்கிறார்கள். ஒரே வீட்டில் சொத்துத் தகராறு போல.

சோக வரிசைக்கு வந்தேன். ஒரு முகம்கூட இல்லை! அத்தனையும் முதுகு. ஜன்னலைப் பார்த்த முதுகு, கடலைப் பார்த்த முதுகு, பஸ் நிறுத்தத்தில் ஒரு முதுகு. எல்லாம் நீலச்சாயம் பூசியது. மூலையில் எறும்பு அளவில் பெயர்.

"ஏண்டி எழுத்து இவ்ளோ சின்னதா இருக்கு?"

"சோகத்துல இருக்கறவங்க கத்த மாட்டாங்கம்மா."

இது சரியாகத்தான் பட்டது. "அதுக்காக எல்லாரும் செஞ்சதையேவா செய்யணும்?" என்று சும்மா கிளறினேன். முதல் தடவை செய்தபோது ஆசிரியையிடம் இவள் கேட்ட கேள்வியே இதுதான். சுவரிலிருந்த ஒரு முதுகைத் தொட்டுக் காட்டிச் சொன்னாள்: "அட்டையப் பார்த்ததும் உள்ள என்ன இருக்குன்னு தெரியணும்மா. அது ஒரு வாக்கு மாதிரி. நான் வாக்கே குடுக்காம வித்தை காட்டிட்டேன்."

எங்கள் கிளினிக்கில் நாய்களுக்கு ஒரு கதவு, பூனைகளுக்கு ஒரு கதவு. பலகையைப் பார்த்துத்தான் வருகிறார்கள். பலகை மாறினால் என்ன ஆகும் என்று எனக்கா தெரியாது.

மார்ச் 8, ஞாயிறு

கதாநாயகி கழன்றுகொண்டாள். அவள் வகுப்புப் பெண். காதலனோடு சண்டையில் இருந்தபோது ஒப்புக்கொண்டாளாம், இப்போது ராசியாகிவிட்டதால் பிரிவுப் பாட்டில் நடிப்பது அபசகுனமாம். நல்லா இருக்கு நியாயம்.

தோழி வந்திருந்தாள். ஆள் நெடுநெடு, அதனால் வீட்டில் எல்லாரும் கூப்பிடுவது ஒட்டடைக்குச்சி. கேமராவும் அவள்தான். இருவரும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். நான் டீ கொண்டுபோய் வைத்தேன். ஒட்டடைக்குச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்புங்க."

திரும்பினேன். சோக வரிசையில் சேர்ந்துவிட்டேன்.

"காதல் தோல்விக்கு என் வயசுலயா?" என்றேன். "வயசு ஆக ஆகத்தான் ஆன்ட்டி அது கனமாகும்" என்கிறாள். பெரிய அனுபவசாலி! என் வீட்டுக்காரர் லிப்ட் பழுதுபார்ப்பவர். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் வாசலிலேயே நின்று, "காதல் தோல்வியா? அப்ப நான் யாருடி?" என்றார்.

மார்ச் 10, செவ்வாய்

கிளினிக் கழிவறைக் கண்ணாடியில் சோகமாக இருந்து பார்த்தேன். வெளியே வந்ததும் டாக்டர் கேட்டார், "என்னம்மா, பல்வலியா?"

மார்ச் 15, ஞாயிறு

படப்பிடிப்பு. காலையிலிருந்து வீடு வீடாக இல்லை. மஞ்சள் சுவர் தெரியாமல் போர்வை தொங்கவிட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே மழை வேண்டும். சோகப் பாட்டில் வெயில் அடித்தால் யாரும் நம்ப மாட்டார்களாம். மழை என் வீட்டுக்காரரின் இலாகா. தோட்டத்துக் குழாயை எடுத்துக்கொண்டு ஏணிமேல் ஏறிவிட்டார். தூறல் கேட்டால் வெள்ளம் கொடுத்தார். கூடத்தில் கணுக்கால் நனைந்தது.

"அப்பா, இது பிரிவு. புயல் இல்ல!" என்று மகள் கத்தினாள்.

நான் பாட்டுக்கு வாயசைக்க வேண்டும். ஆறிக்கொண்டிருக்கும் டீயைப் பார்க்க வேண்டும். மெல்ல நடக்க வேண்டும். கேமரா திரும்பியதும் என் முகம் என்ன செய்தது தெரியுமா? "வாங்க, உட்காருங்க" என்று சிரித்தது! எத்தனை முறை எடுத்தும் அதே. சோக அட்டைகளில் ஏன் எல்லாரும் முதுகு காட்டுகிறார்கள் என்று எனக்கு இன்று புரிந்தது. அவர்களுக்கும் என்னை மாதிரி ஒரு முகம் வாய்த்திருக்கும்.

மகள் ஒரு தடவைகூடக் கோபப்படவில்லை. என் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து, "அவன் வரமாட்டான்னு உனக்குத் தெரியும். ஆனா டீ ரெண்டு கப் போட்டுட்ட. அவ்ளோதாம்மா" என்றாள். இதை இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நான் இல்லை. சாயங்காலம் எப்படியோ பாதி சோகம் வந்தது. போதும் என்றார்கள்.

மார்ச் 16, திங்கள்

கழுத்து பிடித்துக்கொண்டது. சோகத்தில் தலையை எப்போதும் ஒரு பக்கம் சாய்த்தே வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

மார்ச் 18, புதன்

மோசம். எல்லாம் பாழ்.

நடையெல்லாம் மெதுவாகத் தெரிய வேண்டும், அதுதான் இந்த வகைப் பாட்டின் உயிர் என்று படத்தை வேகம் குறைத்து ஓட்டியிருக்கிறாள். மழை அழகாக விழுகிறது. டீயின் ஆவி ஆடி ஆடிப் போகிறது. ஆனால் என் வாய்! பாட்டு ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்குப் போய்விட்டது, என் வாய் இன்னும் முதல் சொல்லிலேயே நிற்கிறது. மாடு அசை போடுவதுபோல் இருந்தது. ஓட்டம் மெதுவானால் வாயும் மெதுவாகும் என்று ரெண்டு பேருக்கும் தோணவே இல்லை. படிச்ச புள்ளைங்கதானே! எடுக்கறதுக்கு முன்னாடி யோசிக்க வேணாமா?

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அவள் கணினியை மூடிவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "விடும்மா. மாமா ஆபீஸுக்கே போயிடறேன்."

இதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தேன்? கேட்டது கிடைத்தது. சந்தோஷம் எங்கே? என் மகள் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து யாரையோ பார்த்துச் சிரிக்கிற மாதிரி ஒரு கணம் தெரிந்தது. என் சிரிப்பு, அவள் முகத்தில். எனக்கு அது பிடிக்கவில்லை. என் வேலை எனக்குக் குறைச்சல் இல்லை, நானாகப் பிடித்துப் போன வேலை அது. இவள் தோற்று, வேறு வழியில்லாமல் போய் உட்காரக் கூடாது.

"எழுந்திரு. மறுபடி எடு. நான் எங்கயும் போகல" என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் அதட்டலாகத்தான் கேட்டது.

மார்ச் 20, வெள்ளி

வழி கண்டுபிடித்துவிட்டாள். பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, நான் அதே வேகத்தில் வாயசைக்க வேண்டுமாம். பிறகு படத்தை மெதுவாக்கினால் வாய் பாட்டோடு பொருந்துமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வாய் யாருடையது?

மார்ச் 22, ஞாயிறு

சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது.

இரட்டை வேகத்தில் அந்தச் சோகப் பாட்டு என்ன ஆனது என்றால், இரண்டு எலிகள் அரிசி மூட்டைக்குள் சண்டை போட்டால் எப்படி இருக்கும், அப்படி. "நீ வராத சாலையில் நான்" என்கிற வரி "கீச்" என்று வந்து போய்விட்டது. முதல் முறை ஓடவிட்டபோது ஏணிமேல் இருந்தவர் குழாயை விட்டுவிட்டு ஏணியைக் கட்டிக்கொண்டார். சிரிப்பில் ஒட்டடைக்குச்சியின் கேமரா குலுங்கியது. தன் பாட்டு இப்படிச் சீரழிகிறதே என்று அவளுக்கு ஒரு துளி வருத்தம் இல்லை.

மகள் மட்டும் சிரிக்கவில்லை. இல்லை, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். "அம்மா, சிரிப்பு வந்தா வரட்டும். வெளிய மட்டும் விடாத. பல்லைக் கடிச்சுக்கோ, கண்ணைத் திறந்தே வை. பாடு."

பாடினேன். சிரிப்பு தொண்டைவரை வந்து நிற்கிறது. உதடு துடிக்கிறது, கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது, முகவாய் நடுங்குகிறது. கடைசி வரியில் முதுகு காட்டி நிற்க வேண்டியவள், தாங்க முடியாமல் மகளைப் பார்த்துத் திரும்பிவிட்டேன். போச்சு, இன்னொரு தடவை என்று நினைத்தேன். "கட்" என்று சொல்லவே இல்லை அவள்.

மார்ச் 24, செவ்வாய்

வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவிடாமல் இழுத்துப்போய்க் கணினி முன் உட்கார வைத்தாள்.

மழை. ஜன்னல். நீலம். மெதுவாக ஒரு பெண்ணின் முதுகு. அவள் பாடுகிறாள், சொல்லுக்குச் சொல் வாய் பொருந்துகிறது. உதடு துடிக்கிறது. கண்ணில் நீர் கட்டி நிற்கிறது, விழவில்லை. கடைசி வரியில் திரும்பிப் பார்க்கிறாள். ஐயோ, யார் இவள்? எத்தனை காலமாகக் காத்திருக்கிறாள்? எனக்கு அவளைக் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும் போல் இருந்தது. அது நான், அதுவும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்ற நான் என்று தெரிந்தும் அப்படி இருந்தது.

"சிரிப்பை அடக்கினாலும் அழுகையை அடக்கினாலும் முகம் ஒண்ணுதாம்மா. மெதுவாக்கினா வித்தியாசமே தெரியல. ஞாயித்துக்கிழமை எடுக்கறப்பவே தோணிச்சு" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள், பேப்பரில் படித்த செய்தி மாதிரி. ஜன்னல், மழை, முதுகு எல்லாம் எல்லாரும் வைப்பதுதான். இதை மட்டும் இவளே பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறாள்.

என் வீட்டுக்காரர் பின்னால் நின்று பார்த்திருக்கிறார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மழை நல்லா வந்திருக்குல்ல?" என்றார்.

மார்ச் 27, வெள்ளி

கொடுத்தாயிற்று. அட்டையும் அருமை. என் முதுகு, நீல ஜன்னல், எறும்பு எழுத்தில் பெயர். படிக்க நான் கண்ணாடி போட வேண்டியிருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை முடிவு. ஒட்டடைக்குச்சி நகத்தைக் கடித்துத் தீர்த்துவிட்டாள். ஆசிரியை தேவைக்குமேல் ஒரு சொல் பேசாதவராம். வாங்கிக்கொண்டு மேசைமேல் வைத்தாராம், அவ்வளவுதான்.

ஏப்ரல் 1, புதன்

மத்தியானம், கிளினிக்கில் ஓய்வான நேரம் பார்த்து அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"வெள்ளிக்கிழமைதான ரிசல்ட்? பார்த்துட்டே சொல்லு. அதுவரைக்கும் அவ இடத்தை வச்சிருக்கேன்" என்றார்.

"வேண்டாம்ணா. வேற யாருக்காவது குடுத்துடு."

"ஏன், பாஸாம்னு தெரிஞ்சுடுச்சா?"

"இன்னும் தெரியாது."

"என்னம்மா பேசற? ஃபெயிலாயிட்டா?"

"ஃபெயிலானா இன்னொரு வருஷம் படிப்பா. அவளுக்குப் படம் எடுக்கற வேலை வரும்ணா. நான் பக்கத்துல இருந்து பார்த்தேன்."

அண்ணன் பெருமூச்சு விட்டார். உன் இஷ்டம் என்றார். போனை வைத்தேன். அதற்குள் ஒருவர் ஆமையோடு வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். தரையில் உட்கார்ந்து சுவரிலிருந்து அட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "வெள்ளிக்கிழமைக்கு முன்னாடியேவா சொல்லிட்ட?" என்றாள். ஆமாம் என்றேன். என்னையே பார்த்தாள். உதடு துடித்தது, கண்ணில் நீர் கட்டி நின்றது. அழுகையை அடக்குகிறாளா, சிரிப்பையா என்று பெற்றவளுக்கே தெரியவில்லை.