மிதிசக்கரக் கல்லில் ஏறிய பெயர்

தாழைத்துறை நாட்டையும் அதன் கழிகளையும் காக்கும் கோமகள் அலர்மேனி மாதேவி, ஆற்றுக்கு அக்கரையில் கருங்குன்ற நாடாளும் வல்லெயிற்கோ மாவேள் அவர்களுக்கு எழுதுவித்த ஓலை. உம் குடி தழைக்க. உம் குன்றுகளில் மழை இறங்குக. உம் ஏரிகள் மீண்டும் கரை தொடுக.

உம் நாட்டில் மழை பொய்த்ததை அறிவோம். ஆற்று நீரை மேட்டு வயலுக்கு ஏற்றும் எம் மிதிசக்கரத்தை உம் தூதர் கண்டு வியந்ததையும் அறிவோம். அதனருகே நாட்டிய கல்லில் துறைக்காவலன் பெருங்கோடன் பெயரைப் படித்து, அவனைச் சந்தையில் வளைத்துப் பிடித்து உம் கோட்டைக்குக் கொண்டுசென்றீர். சக்கரம் செய்யும் வகையைச் சொல்லாவிடில் நாளை உச்சிப்பொழுதில் அவன் தலை விழும் என்று பறையறைவித்தீர். அச்செய்தி இன்று காலை எம்மை எட்டியது.

தனக்குத் தெரியாது என்று அவன் சொன்னானாம். நீர் அதை வஞ்சகம் என்று கொண்டீராம். மன்னரே, அவன் சொன்னது மெய்.

புதிதாக ஒரு பொறி கட்டப்பட்டால், அதை முதலில் இயக்குபவரின் பெயரைக் கல்லில் பொறிப்பது எம் நாட்டு வழக்கம். பொறி முறிந்தால் சாகப்போகிறவர் அவரே என்பதால் முன்னோர் அவ்வாறு வைத்தனர். துணிவுக்குத் தந்த அப்பெருமையை, நாளடைவில் அறிவுக்குத் தந்ததாக எல்லோரும் எண்ணிக்கொண்டனர். எம் சக்கரம் முதலில் ஓடிய நாளில் கூட்டம் கண்டது மேலே நின்று மிதித்த பெருங்கோடனை. கீழே சேற்றில் நின்று அச்சைத் தாங்கியவளை எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாணர் அவனைப் பாடினர். பாட்டைக் கேட்டுக் கற்றச்சன் கொத்தினான். கல்லை உம் தூதர் நம்பினர். அவனுக்குப் பொற்கடகம் அணிவித்த யாமும், செய்தது யார் என்று கேட்டோமில்லை.

செய்தவள் படகு கட்டும் பூதி. பறைச்செய்தி கேட்டுத் தானே எம் அவைக்கு வந்தாள். அன்று ஏன் வாய் திறக்கவில்லை என்று வினவினோம். அவள் சொன்னதை ஓலை மொழிக்கு மாற்றாமல் எழுதுவிக்கிறோம்: "அத்தன பேரு முன்னாடி நிக்கக் கூச்சமா இருந்துச்சு, தாயே. கோடண்ணன் காப்பப் போட்டுக்கிட்டு ஊரெல்லாம் காட்டிட்டுத் திரிஞ்சாரு. சரி, திரியட்டும்னு விட்டேன். அதுக்காக அவரு தலையையும் விட்டுட முடியுமா? இன்னொண்ணு, தண்ணிச் சாலுங்கள அதுல கோக்குற வகை என்னோடது இல்ல, என் நாத்தனா சொன்னது. அவளயும் கூட்டிட்டுப் போறேன்."

ஆகவே இவ்விரு பெண்டிரும் நாளை காலை எம் தூதனோடு ஆற்றின் நடுத்திட்டுக்கு வருவர். பெருங்கோடனை உயிரோடும் ஊனமின்றியும் அங்கே நிறுத்துக. அவன் எம் படகில் ஏறிய பின்னரே அவர்கள் உம் படகில் ஏறுவர். உமக்கு ஒரு சக்கரம் கட்டித் தந்து மீள்வர். அதுவரை அவர்கள் உம் விருந்தினர், கைதிகள் அல்லர். அவன் மேல் வாள் பட்டிருப்பின் எம் படகு அக்கணமே திரும்பும். அறியாதவனைக் கொன்ற பழியும் வறண்ட வயலுமே உமக்கு எஞ்சும்.

மற்றொன்றும் கேளும். சக்கரம் முடிந்த நாளில், அதை முதலில் மிதிக்க உம் இளவரசரை நிறுத்திப் புகழ் தேடாதீர். நிறுத்தினால் எம் வழக்கப்படியே அவர் பெயர் அங்கும் கல்லில் ஏறும். அதைப் படிக்க வேறொரு நாட்டுத் தூதரும் ஒருநாள் வருவர்.

இவ்வோலை கைபட்ட கணமே கொலைவாளை உறையில் இடச் செய்க. எம் வலம்புரி முத்திரை இட்டோம். விடியலில் படகு புறப்படும்.