வாய்க்கால் முனையில் திரும்பிய கொடிமரம்

கீரப்பாளையம்
22.1.2008

அன்பு மகள் வெண்மதிக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் அந்தத் தூர தேசத்தில் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும்.

உங்கள் ஊர் ரயிலடியில் நீளமான கரி எஞ்சின் ஒன்று வளைவில் உடம்பை ஒடித்துக்கொண்டு போனதாக எழுதியிருந்தாய். வடக்கே சக்ரதர்பூரில் ரயில்வே வேலையில் நான் கரி அள்ளிப் போட்டதும் அந்த ரகத்தில்தான் அம்மா. முன்னால் ஒரு சக்கரக் கூட்டம், பின்னால் ஒரு சக்கரக் கூட்டம், நடுவில் பாய்லர், அது இரண்டு முனையிலும் ஒவ்வொரு சுழலும் முளையில் உட்கார்ந்திருக்கும். வளைவு வந்தால் முன்கூட்டம் தன்பாட்டுக்குத் திரும்பும், பின்கூட்டம் பிறகு திரும்பும், பாய்லர் மட்டும் பாலம் மாதிரி நேராக இருந்து உள்பக்கம் ஒதுங்கும். ஆவிக் குழாய்க்கும் திரும்புகிற மூட்டு உண்டு. மலைப் பனிக்குள் பார்த்தால் யாரோ தூக்கத்தில் புரண்டு படுப்பது போலிருக்கும். எதற்குச் சொல்கிறேன் என்றால், போன வாரம் உன் இருசம்மாள் அத்தையின் சுவர் தப்பியது அதனால்தான்.

நம் மாரியம்மன் கோயில் கொடிமரத்துக்கு நாற்பதடித் தேக்கு கடலூரிலிருந்து சிதம்பரம் வரை லாரியில் வந்தது. நம் வாய்க்கால் ரோட்டில் லாரி திரும்பாதென்று இரண்டு டயர் வண்டிகளில் மாற்றினார்கள். சாமி மரம் அசையக்கூடாது என்று தர்மகர்த்தா கோவிந்தசாமி இரண்டு வண்டியோடும் அதை இறுக்கிக் கட்டச் சொல்லிவிட்டார். வாய்க்கால் முனை வளைவுக்கு வந்ததும் வண்டி திரும்பாமல் சக்கரம் மண்ணை உழுதது. அங்கேதான் அத்தை வீடு. மாமா போன பிறகு செங்கல் செங்கலாகச் சுமந்து எழுப்பிய சுவர், அதில் நாலடி இடித்தால் வழி கிடைக்கும் என்றார்கள். அவள் முதுகைச் சுவரில் வைத்து நின்றுகொண்டு, “இடிக்கறதுன்னா என்னையும் சேத்து இடிங்க, கொடிமரத்த எந்தலையிலயே ஊணிடுங்க” என்றாள்.

கயிற்றை அவிழுங்கள் என்றேன். “கரி அள்ளுனவருக்கு மரத்தப் பத்தி என்னா மச்சான் தெரியும்” என்றார் கோவிந்தசாமி. வண்டிக்கு ஒரு குறுக்குக் கட்டை வைத்து அதில் மரத்தைக் கட்டி, அந்தக் கட்டையை வண்டிமேல் ஒரே இரும்பு முளையில் சுழல விடலாம், “அசையறது வண்டிதான் மச்சான், மரம் இல்ல” என்று சொன்ன பிறகுதான் இறங்கி வந்தார். பின்வண்டியையும் முன்னால் தள்ளி வைக்கச் சொன்னேன். முளைகள் கிட்டத்தில் இருந்தால் நடுமரம் சுவர்ப்பக்கம் குறைவாக ஒதுங்கும், வால்தான் வெளியே வீசும், வெளியே இருப்பது வாய்க்கால்தானே.

அத்தை சுவரை விட மாட்டேனென்று உள்ளே போய் அந்தப் பக்கமிருந்து இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டாள். முன்வண்டி திரும்பியது, பின்வண்டி யோசித்துப் பிறகு திரும்பியது. மரத்தின் வால் தண்ணீருக்கு மேல் மெல்லப் போனது, நிழலுக்கு வாத்துகள் வழிவிட்டன, எனக்கு எந்த ஊரில் நிற்கிறேன் என்பதே மறந்துவிட்டது. சுவருக்கும் மரத்துக்கும் நாலு விரல் இடைவெளி.

மேளத்தோடு எல்லோரும் மரத்தின் பின்னால் போய்விட்டார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் அவள் இன்னும் தாங்கிக்கொண்டிருக்கிறாள். போயிடுச்சி இருசு என்றேன். “தொட்டுச்சாண்ணே?” என்றாள். தொடல என்றேன். அப்போதும் கையை எடுக்கவில்லை.

அத்தைக்குத் தனியாக இரண்டு வரி எழுது, மறந்துவிடாதே. மாரியாத்தா உங்கள் இருவருக்கும் நிழலாக இருக்கட்டும்.

உன் அப்பா
கலியமூர்த்தி