கதவைப் பார்க்கப் போன அப்பா

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லாவிட்டாலும் இந்த மாதம் மட்டும் எப்படியாவது நலமாக இருந்துவிடுங்கள், கவலைப்பட எனக்கிருக்கும் நேரம் முழுவதையும் உன் அப்பா எடுத்துக்கொண்டுவிட்டார்.

போனில் நீ கேட்டால் ‘எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்’ என்கிறார். அதில் பாதி உண்மை. புராஸ்டேட்டில் வந்த புற்றுநோய் திரும்பவில்லை, கதிர்வீச்சு அதை ஒழித்துவிட்டது. பக்கத்தில் இருந்த பாவத்துக்குச் சிறுநீர்ப்பையையும் சுட்டுவிட்டுப் போயிருக்கிறது, அது இத்தனை வருடம் கழித்து இப்போது கசிகிறது. சிறுநீரில் கொஞ்சம் ரத்தம் போகிறது என்பதுவரை உனக்குத் தெரியும். போன மாதம் ரத்தம் கட்டி அடைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் குழாய் போட்டுக் கழுவி, ரத்தம் ஏற்றி அனுப்பினார்கள் என்பது தெரியாது. ‘அவகிட்ட சொல்லாதே, அங்கேருந்து கையை நீட்டியா பிடிக்கப் போறா’ என்றார். நானும் சொல்லவில்லை. எழுதக்கூடாது என்று அவர் சொல்லவில்லை, அதனால் மெயிலில் எழுதுகிறேன்.

டாக்டர் இப்போது சொல்வது நீ கட்டுரை அனுப்பினாயே, அதே அழுத்த அறைச் சிகிச்சைதான். கண்ணாடிக் குழாய் மாதிரி ஒரு அறை, அதற்குள் படுக்கவைத்துக் கதவை மூடி, காற்றழுத்தத்தை ஏற்றி, சுத்தமான ஆக்ஸிஜனை மூச்சில் இழுக்கவிடுகிறார்கள். வெந்துபோன இடத்தில் புதிதாக ரத்தக் குழாய்கள் முளைக்க அது உதவுமாம். வாரத்தில் ஐந்து நாள், ஒரு தடவைக்கு இரண்டு மணி நேரம் என்று பல வாரம் போகவேண்டும். பலருக்குக் குணமாகிறது, எல்லாருக்கும் இல்லை என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். குணமாகாவிட்டால் கடைசியில் பையையே எடுக்கவேண்டி வரலாம் என்பதையும் சொன்னார். நீ அனுப்பியவற்றையும் படித்தேன். ஒன்று அற்புதம் என்கிறது, இன்னொன்று ஆதாரம் போதாது என்கிறது. இரண்டையும் எழுதியவர்களுக்கு ரத்தம் போகவில்லை என்று மட்டும் தெரிகிறது, அவ்வளவு நிதானம். உன் சித்தப்பா வந்து, ‘காத்துக்குமா அண்ணி ஆஸ்பத்திரி போவாங்க? மொட்டைமாடியில பத்து நிமிஷம் நிக்கச் சொல்லுங்க’ என்று ஆலோசனை சொல்லிவிட்டு இரண்டு காபி குடித்துவிட்டுப் போனார். இப்போது மொட்டைமாடி ஏறினாலே உன் அப்பாவுக்கு மூச்சு வாங்கும்.

போன வாரம் அந்த அழுத்த அறை இருக்கும் இடத்துக்கு அவரை அழைத்துப்போனேன். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவரைக் கதவுள்ள இடத்துக்கு அழைத்துப்போவதற்கு முன் நான் யோசித்திருக்க வேண்டும். நான் ஃபைலோடு வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இவர் சட்டைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்து அழுத்த அறையின் கதவு ரப்பரைச் சுற்றிச் சுற்றிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அந்த வாரம் சோதனைக்கு அதிகாரி வருவதாக அவர்களுக்குத் தகவலாம். அது இவர்தான் என்று நினைத்து மேனேஜர் ஓடிவந்து ‘சார்’ போட்டு, டீ வரவழைத்து, வால்வு வால்வாகக் காட்டியிருக்கிறார். இவரும் நோயாளி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லையாம். டாக்டர் கூப்பிட்டபோது ஆளைக் காணோம். நான் தேடிப்போனால், கதவு ரப்பரை மாற்றவும் என்று அவர்கள் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். அந்த ரப்பர் அதற்கு முந்தின வாரம்தான் மாற்றியதாம். விஷயம் தெரிந்ததும் மேனேஜர் டீக் கோப்பையை எடுத்த வேகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அதற்குள் டாக்டர் ஆபரேஷனுக்குப் போய்விட்டார். அவரைப் பார்க்காமலே திரும்பினோம்.

பஸ்ஸில் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும். ‘ஊரையெல்லாம் லிஃப்டுக்குள்ளேருந்து இறக்கி விட்டீங்க, உங்களுக்கு உள்ளே போகப் பயமா’ என்று கேட்டேன். உள்ளே இருப்பவரால் கதவைத் திறக்க முடியாது, வெளியே இருப்பவரும் அழுத்தத்தை இறக்காமல் திறக்க முடியாது என்று அங்கே சொன்னார்களாம். அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று எண்ணினேன். அவர் சிரிக்கவில்லை. ‘கதவு கெடக்கட்டும். இது கேக்கலேன்னா அப்புறம் கத்திதான்னு சொல்லிட்டாரு. போகாத வரைக்கும் இது ஒண்ணு மிச்சம் இருக்குல்ல’ என்றார். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. குளியலறையில் வாளி வாளியாகத் தண்ணீர் கொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது, ரத்தத்தை நான் பார்த்துவிடக்கூடாது என்று. நேற்று சாப்பிடும்போது பார்த்தேன், அவர் உதடு வெளுத்துக் கிடந்தது. பொறுக்கமுடியாமல், ‘மிச்சம் வெச்சு என்ன பண்ணப் போறீங்க, வாடகைக்கா விடப்போறீங்க? நீங்க காத்துக்கிட்டிருக்கலாம், ரத்தம் காத்துக்கிட்டிருக்குமா’ என்று கேட்டுவிட்டேன். அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்து, கை கழுவி வந்து, ‘திங்கக்கெழமைக்கு வர்றோம்னு சொல்லு’ என்றார். கூடவே ஒரு நிபந்தனை. நான் அந்தக் கண்ணாடிப் பக்கம் வந்து நிற்கக்கூடாதாம். லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் முதல் வேலையாகச் சொந்தக்காரர்களை அடுத்த மாடிக்கு அனுப்பிவிடுவாராம். ‘உள்ள இருக்கிறவங்க தைரியமாத்தான் இருப்பாங்க. வெளிய இருக்கிறவங்க மொகத்தைப் பாத்தாத்தான் பயம் வரும்’ என்றார். இத்தனை வருடக் குடித்தனத்தில் என் முகத்தைப் பற்றி அவர் சொன்ன நீளமான கருத்து இது.

ஆகவே திங்கட்கிழமை முதல் அவர் உள்ளே இருக்கும் நேரம் நான் கீழே கேண்டீனில் இருப்பேன். அங்கே என் முகம் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம், பார்க்க ஆள் இல்லை.

இனிக் கட்டுரை அனுப்பாதே. லீவு போட்டு ஓடி வராதே என்று அப்பா எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளை முதுகுவலியை அசட்டையாக விடவேண்டாம் என்று சொல். நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் ஒற்றுமையாக இருக்க எங்கள் ஆசி. ஒன்றை மட்டும் மறக்காதே: திங்கள் காலை பத்து மணிக்குக் கதவை மூடுவார்கள். கடல் தாண்டி இருக்கிற உனக்கு அது தூங்குகிற நேரம், தெரியும். என்னைக் கூப்பிடு. அப்பாவைப் பற்றி ஒன்றும் கேட்காதே, எனக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. உன் ஆபீஸ் கதை, பக்கத்து வீட்டுக்காரி கதை, ஏதாவது. கதவைத் திறக்கும்வரை பேசிக்கொண்டிரு.

என்றும் அன்புடன்,
உன் அம்மா