ஏழு போன்களும் என் பரீட்சையும்

2017 ஜனவரி 16, திங்கள்

கெம்பஸிலிருந்து கடிதம். ஆய்வேடு ஒப்படைக்க மூன்றாவது நீடிப்பு. ஜூன் 30 வரை. "இதுவே இறுதி" என்ற வரிக்குக் கீழே கோடு வேறு போட்டிருக்கிறார்கள், எனக்கு வாசிக்கத் தெரியாது என்பது போல.

ஐந்தாவது வருடம் இது. பகலில் கல்லூரியில் கணினி கற்பிப்பது, மிச்ச நேரமெல்லாம் ஆய்வு. மஹய்யாவ ஏற்றத்தில் ஏறி வீட்டுக்கு வரும்போதே பாதி உயிர் போய்விடுகிறது. கடிதத்தைக் கண்டதும் உம்மா கேட்டார்: "மகள், இது முடியிற படிப்பா, முடியாத படிப்பா?"

முகம் கழுவப் போனேன்.

ஜனவரி 19, வியாழன்

இன்று கூட வேலை செய்யும் பாயிஸா, "உண்மையில நீங்க என்னதான் ஆராயிற?" என்று கேட்டாள். சொன்னேன். கலஹாவுக்கு மேலே தேயிலைத் தோட்டங்களில் ஏழு பிள்ளைக்காம்பராக்கள். அம்மாமார் கொழுந்து பறிக்கப் போனால் பிள்ளைகளை அங்கேதான் விட்டுப் போவார்கள். பார்த்துக்கொள்ளும் பெண்கள் ஏழு பேர். மாதாமாதம் பிள்ளைகளை நிறுத்து, எடையைப் பெரிய கொப்பியில் எழுதுவார்கள். அந்தக் கொப்பிக்குப் பதிலாக நான் ஒரு செயலி செய்து, ஆளுக்கொரு போன் கொடுத்தேன். யாரும் துரத்தாமல் அவர்களாகவே அதைத் தொடர்ந்து பாவிப்பார்களா என்பதுதான் கேள்வி. பதினெட்டு மாதம். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பதிவு வந்திருக்கிறது.

"மாஷா அல்லாஹ், அப்ப எழுதிக் குடுக்க வேண்டியதுதானே?" என்றாள்.

எழுதத்தான் முடியவில்லை. கதிரையில் உட்கார்ந்தாலே தூக்கம் வருகிறது.

பெப்ரவரி 12, ஞாயிறு

ஐந்தாம் அத்தியாயம் முடிந்தது! தொண்ணூற்றாறு. வேறு நாடுகளில் செய்த ஆய்வுகளில் அறுபதைத் தாண்டினவர்கள் குறைவு. படிக்காத பெண்கள், சிக்னல் இல்லாத மலை, அங்கே தொண்ணூற்றாறு. எனக்கே என்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

பெப்ரவரி 15, புதன்

மேற்பார்வையாளர் சண்முகநாதன் சேர் அத்தியாயத்தை வாசித்துவிட்டார். "நல்லாய் இருக்கு. இவ்வளவு நல்லாய் இருந்தால் கேள்வி கேப்பினம், பிள்ளை. எத்தினை மணிக்குப் பதிஞ்சவை எண்டும் ஒரு அட்டவணை போடும்" என்றார். ஒரு மணித்தியால வேலை.

பெப்ரவரி 19, ஞாயிறு

ஒரு மணித்தியால வேலை, நான்கு நாள் ஆகிவிட்டது. நான் இதுவரை பார்த்ததெல்லாம் அவர்கள் நிரப்பும் திகதிப் பெட்டியை மட்டும்தான். போன் தானாகக் குறிக்கும் நேரம் வேறொரு நிரலில் இருந்தது. அதைத் திறந்தேன்.

எல்லாப் பதிவும் வியாழக்கிழமை பின்னேரம். மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில். ஒரு போன் முடிய, இரண்டு நிமிடம் கழித்து அடுத்த போன் தொடங்குகிறது. ஏழு போனும் வரிசையாக. ஒரு தடவைகூட ஒன்றோடொன்று மோதவில்லை.

ஏழு பேர் இப்படி எழுத மாட்டார்கள். ஒருவர்தான் எழுதியிருக்கிறார். யா அல்லாஹ், பதினெட்டு மாசமா நான் என்னத்தப் பாத்துக்கிட்டிருந்தேன்?

பெப்ரவரி 23, வியாழன்

சொல்லாமல் போனேன். பஸ் கலஹா டவுனுக்கு வருவதற்கு முன் ஒரு வளைவு, அங்கே மட்டும் சிக்னல் நன்றாக எடுக்கும். இறங்கிப் பார்த்தால், மதகுக் கட்டின் மேல் புஷ்பம் உட்கார்ந்திருக்கிறார். ஏழு பேரிலும் மூத்தவர், என்னோடு அதிகம் பேசுகிறவர். தோளில் குடை, மடியில் மரக்கறி வாங்கும் பை, பைக்குள் என்னுடைய ஏழு போன்கள்.

"அட, வாங்க மிஸ்! சொல்லியிருந்தா தேத்தண்ணி கொண்டாந்திருப்பேனே!"

மறைக்கவே இல்லை அவர். மேலே சிக்னல் இல்லை, மற்றவர்களுக்கு எழுத்துக் கூட்டுவதே கஷ்டம், அதனால் எல்லா போனையும் வாங்கிக்கொண்டு வந்து தானே எழுதுகிறாராம். சரி, அதுவரைக்கும் என்னால் தாங்க முடிந்தது. எடைகளை யார் குறித்துக் கொடுப்பது என்று கேட்டேன்.

"தராசு ஒடஞ்சு வருஷக்கணக்காச்சே மிஸ். மூணு காம்பராவுலதான் வேல செய்யுது."

"அப்ப மத்தப் பிள்ளைகளுக்கு?"

"போன மாசத்தோட கொஞ்சம் கூட்டிப் போடுவேன். ஒருத்தனுக்கு நூறு கிராம், ஒருத்திக்கு நூத்தம்பது. எல்லாருக்கும் ஒரே மாதிரி போட்டா நல்லாருக்காதுல்ல?"

என் முகம் என்னவோ ஆகியிருக்க வேண்டும். கையைப் பிடித்துக்கொண்டார். "போடாட்டி போன்ல செவப்பு வருதே மிஸ். செவப்பு வந்தா ஒங்களுக்கு மார்க்கு கொறையும்ல? நீங்கதானே சொன்னீங்க, இது ஒங்க பரீட்சைன்னு. ஏழு பேரும் பேசித்தான் செஞ்சோம், நம்ம மிஸ் பெயிலாகக் கூடாதுன்னு. கோயில்ல அர்ச்சனைகூட வச்சோம். ஒங்க நட்சத்திரம் தெரியல, சாமி பேருக்கே வச்சுட்டோம்."

சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன், பிள்ளைகளின் உண்மையான எடை? அரசாங்க மருத்துவமாது, மிட்வைஃப் நோனா, மாதாமாதம் தன் தராசைக் கொண்டுவந்து நிறுத்து, ஒவ்வொரு பிள்ளையின் அட்டையிலும் எழுதுகிறாராம். மருந்தும் சத்துமாவும் அந்த அட்டையைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ். கெட்டது என் ஆய்வு மட்டும்.

பெப்ரவரி 25, சனி

கோபப்பட யாருமில்லை. முதல் நாள் சம்மதப் படிவத்தை வாசித்துக் காட்டியபோது "ஆய்வு" என்றால் புரியாமல் முழித்தார்கள். நான்தான் "இது எனக்கு ஒரு பரீட்சை மாதிரி, நீங்கதான் உதவி செய்யணும்" என்றேன். உதவி செய்தார்கள். விடுபட்டால் சிவப்பு, எடை குறைந்தால் சிவப்பு என்று நிறத்தைத் தெரிந்தெடுத்ததும் நான்தான்.

மார்ச் 6, திங்கள்

சேரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவருக்கும் களைப்புத்தான், பன்னிரண்டு மாணவர்கள் வைத்திருக்கிறார்.

"போனிலதானே பதிஞ்சவை?"

"ஓம் சேர், ஆனா..."

"அப்ப தொண்ணூற்றாறு பொய்யில்லை. குறைபாடுகள் எண்ட பகுதியிலை ஒரு வரி போட்டிட்டுக் குடும். இதை இழுத்தீர் எண்டால் உமக்கு ஒண்டும் மிஞ்சாது. புதுசாய்த் தரவு எடுக்க இனி நாளும் இல்லை."

உண்மைதான். ஒரு வரி. யாருக்கும் தெரியப் போவதில்லை.

மார்ச் 11, சனி

அந்த ஒரு வரியை எழுதினேன். அழித்தேன். திரும்ப எழுதினேன். பிறகு முழங்கை வலி என்று சொல்லிப் படுத்துவிட்டேன். முழங்கை வலிக்கவில்லை.

மார்ச் 14, செவ்வாய்

ஒன்றுமில்லை.

ஏப்ரல் 9, ஞாயிறு

நான்கு கிழமையாகக் காம்பரா காம்பராவாக ஏறி, பிள்ளைகளின் அட்டைகளைப் போன் பதிவுகளோடு ஒப்பிட்டேன். இரண்டாயிரத்து நூறில் உண்மையானவை எழுநூறுக்குக் கிட்ட. மற்றதெல்லாம் எனக்குக் கிடைத்த அன்பளிப்பு. கால் வீங்கியிருக்கிறது.

இனி அந்த ஒரு வரி போதாது. என்ன நடந்தது, ஏன் நடந்தது, அதைத்தான் எழுதப் போகிறேன். அதற்கு அவர்களிடம் மறுபடி கேட்க வேண்டும்.

ஏப்ரல் 23, ஞாயிறு

ஏழு பேரும் புஷ்பத்தின் லயத்து வீட்டு வாசலில் கூடியிருந்தார்கள். இந்தமுறை பரீட்சை என்ற பேச்சே எடுக்கவில்லை. நிறையப் பேர் கஷ்டப்படுகிற இடத்தில் ஒரு போன் உதவுமா உதவாதா என்று பார்க்கத்தான் வந்தேன், உதவவில்லை என்று தெரிந்தாலும் அது பிரயோசனம்தான் என்று சொன்னேன். எவருடைய பேரும், தோட்டத்தின் பேரும் வராது, தோட்டத்தை நடத்தும் துரையிடம் போகாது என்றும் சொன்னேன்.

பிறகு புஷ்பம், "அப்ப நாங்க ஒங்கள கெடுத்துட்டமா மிஸ்?" என்றார்.

இல்லை என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எவ்வளவு பலம் வேண்டியிருந்தது.

"எழுதுங்க. ஆனா நல்லதுக்குன்னுதான் செஞ்சோம்னும் எழுதிருங்க மிஸ்."

ஜூன் 11, ஞாயிறு

நோன்பு பதினைந்து தாண்டிவிட்டது. விடியுமுன் சஹர் சாப்பாடு முடிந்து எழுத உட்காருகிறேன், ஏழு மணிக்குக் கண் சொருகுகிறது. அப்படியும் ஆறாம் அத்தியாயம் நாற்பது பக்கம் வந்துவிட்டது. இந்த ஐந்து வருடத்தில் நான் எழுதியதில் இதைத்தான் திரும்ப வாசிக்கத் தோன்றுகிறது. உம்மா ஒன்றும் கேட்பதில்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போகிறார்.

ஜூன் 29, வியாழன்

பெருநாள் கழிந்து மூன்றாம் நாள். ஒப்படைத்தேன். கையெழுத்து வைக்கும்போது சேர் சொன்னார்: "உம்மடை விருப்பம். நான் தடுக்கேல்லை." தொண்ணூற்றாறு என்ற எண் ஆய்வேட்டில் இருக்கிறது, அது எப்படிப் பொய்யானது என்ற விளக்கத்தோடு.

அக்டோபர் 24, செவ்வாய்

வாய்மொழிப் பரீட்சை. மூன்று பேர். ஒருவர் ஆறாம் அத்தியாயத்தை ரசித்து வாசித்ததாகச் சொன்னார். மற்றவர், "அப்படியானால் உங்கள் தரவு எங்கே?" என்று கேட்டார். இல்லை என்றே சொன்னேன்.

நவம்பர் 20, திங்கள்

முடிவு வந்துவிட்டது. "பட்டம் வழங்கப் பரிந்துரைக்கப்படவில்லை. பதிவு முடிவுறுகிறது." இந்தமுறை கோடு போடவில்லை.

சேர் போனில் பேசினார். சாப்பிட்டீரா என்று கேட்டார். உம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அப்ப முடிஞ்சிச்சா மகள்?" என்றார். முடிஞ்சிச்சு உம்மா. அழுகை வந்தது, அழுதேன்.

நவம்பர் 30, வியாழன்

போன்களைத் திருப்பி வாங்கக் கலஹாவுக்குப் போனேன். புஷ்பம் ஏழையும் துடைத்து, சார்ஜ் ஏற்றி, ஒவ்வொன்றையும் பொலித்தீனில் சுற்றி வைத்திருந்தார். கொடுக்கும்போது என் கண்ணைப் பார்க்கவில்லை.

"மிஸ், முடிவு வந்துருச்சா?"

வரும் வழியெல்லாம் பஸ்ஸில் யோசித்து வைத்திருந்தேன், பக்குவமாக எப்படிச் சொல்வதென்று. வாய் வேறொன்றைச் சொல்லிற்று.

"பாஸ்."

இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். ஏழு மாதமாக அவர் சரியாகத் தூங்கவில்லையாம், பக்கத்தில் நின்ற அவர் மருமகள் சொன்னாள்.

"எல்லாத்தையும் எழுதினீங்கதானே? நாங்க கூட்டிப் போட்டது, எல்லாம்?"

"எல்லாம் எழுதினேன்."

"அப்ப உள்ளத உள்ளபடி எழுதினாலும் பாஸ் குடுப்பாங்களா மிஸ்?"

"குடுப்பாங்க" என்றேன்.

மற்ற ஆறு பேருக்கும் சொல்ல, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேட்டில் ஏறிப் போனார். நான் கூப்பிடவில்லை.